சானா அறையில் ஒரு ஈரத் தோர்த்து

5

“உள்ளே வந்து உட்காருங்கோ ஸ்ரீகுமார். சூடு போடலே, பயப்படாதேங்கோ,” என்றார் பத்மஜா மாமி.

“சூடு இல்லாம மரப்பெட்டிக்குள்ள உட்கார நான் என்ன மாங்காயா மாமி, வைக்கோல் போட்டுப் பழுக்க வைக்க?” என்றேன்.

அன்று நான் அடித்த கடைசி ஜோக் அது. அப்போது எனக்கே அது தெரியாது.

தைக்காட்டில் வெண்மேகம் ஹெல்த் கிளப்பின் சானா அறை. சுற்றிலும் பலகை அடித்த சின்ன அறை, மூலையில் மின் அடுப்பு, அதன் மேல் கருங்கற்கள். கல் சூடேறியதும் மரக்கரண்டியால் கொஞ்சம் தண்ணீர் விட்டால் ஆவி எழும். பெஞ்சில் உட்கார்ந்து வேர்க்க வேண்டியதுதான். கடிகாரம் மாட்டினால் வெந்துபோகும் என்று சுவரில் மணற்கடிகை வைத்திருக்கிறார்கள். மணல் ஒரு தடவை இறங்கப் பதினைந்து நிமிஷம். அதற்கு மேல் இருக்கக் கூடாது.

நேற்றுக் காலை ஒருவர் இருந்தார். ஆரியசாலையில் மிளகும் சுக்கும் மொத்த வியாபாரம் செய்கிற பகவதிப்பெருமாள் அண்ணாச்சி. ஏழு பத்துக்கு உள்ளே போனவரை ஏழே முக்காலுக்கு நினைவில்லாமல் வெளியே தூக்கினார்கள். ஆஸ்பத்திரியில் கண் திறந்ததும் அவர் சொன்னது இது: “கதவு திறக்கல. யாரோ வெளியே பிடிச்சிருந்தாங்க.”

வெளியே இருந்தது ஒரே ஆள். சானாவைப் பார்த்துக்கொள்ளும் விஜின்.

சாயங்காலம் ஐந்து மணிக்குள் வேறு விளக்கம் கிடைக்காவிட்டால் விஜின் பேரை எழுதி ஸ்டேஷனில் புகார் கொடுப்பேன் என்று கிளப் மானேஜர் ஆர்ஷா சொல்லிவிட்டாள். விஜினுக்குத் தோஹாவில் ஒரு ஹோட்டலில் இதே வேலை கிடைத்திருந்தது. போலீஸ் கிளியரன்ஸ் சர்டிஃபிகேட் மட்டும்தான் பாக்கி. பேரில் ஒரு கேஸ் விழுந்தால் சர்டிஃபிகேட் இல்லை. சர்டிஃபிகேட் இல்லையென்றால் விசா இல்லை. விழிஞ்ஞத்தில் ஜன்னல் மட்டத்தோடு நின்றுபோன அவன் வீடு அப்படியே நிற்கும்.

நேற்று எனக்கு போன் பண்ணியதே அவன்தான். “அண்ணே, மாமியைக் கூட்டிட்டு வரணும். எனக்கு வேற ஆரையும் தெரியாது” என்றான். குரல் உடைந்திருந்தது.

மாமி முப்பது வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் கிளெய்ம்களைப் பிடித்தவர். ஓய்வுக்குப் பிறகு கிழக்கேகோட்டையில் ஒரு மாடியறை எடுத்து, கேட்டு வருபவர்களுக்காகத் துப்பறிகிறார். நான் இருபத்தாறு வருஷம் ஆரியசாலையில் மூட்டை சுமந்தவன். தோள் போன பிறகு மாமியிடம் வந்து சேர்ந்தேன். மாமிக்கு ஸ்கூட்டர் ஓட்டத் தெரியாது, எனக்கு வாயை அடக்கத் தெரியாது. நாலு வருஷமாக வண்டி ஓடுகிறது.

மாமி ஆர்ஷாவிடம் ஏதோ கேட்கத் திரும்பினார். அப்போதுதான் வாசலுக்குள் தரையோரம் அதைப் பார்த்தேன். ஒரு தோர்த்து. இந்த ஊரில் எல்லார் தோளிலும் கிடக்கிற மெல்லிய வெள்ளைத் துண்டு. இன்னும் ஈரம் காயவில்லை.

கிடந்த விதம்தான் என்னைப் பிடித்து நிறுத்தியது.

குனிந்தேன். கை அதை எடுத்தது, இரண்டு தடவை உதறியது, கொக்கியில் மாட்டியது. எல்லாம் மூன்று விநாடி.

“என்ன பண்றேள்?” என்றார் மாமி திரும்பாமல்.

“தரையில கிடந்துது. எடுத்துப் போட்டேன்.”

“ஓ,” என்றார் மாமி. அதற்கு மேல் கேட்கவில்லை.

கேட்டிருக்கலாம்.

மாமி கல் அடுப்பின் பக்கத்தில் கிடந்த மரக்கரண்டியை எடுத்தார். தண்ணீர் மொள்ளும் கிண்ணப் பக்கத்தைப் பார்க்கவில்லை. கைப்பிடியின் நுனியை மூக்குக்கண்ணாடிக்கு அருகில் கொண்டுபோனார்.

“ஆர்ஷா, இது புதுசா?”

“கழிஞ்ச மாசம் வாங்கினது மேடம்.”

“கைப்பிடி நுனி நசுங்கியிருக்கு. நாரோட நாரா வெள்ளை நூல் வேற. கரண்டியை யாராவது தலைகீழாப் பிடிச்சுத் தண்ணி விடுவாளா?”

ஆர்ஷா விழித்தாள். என் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. நான் மணற்கடிகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

*

விஜின் உடை மாற்றும் அறையில் நின்றிருந்தான். முப்பத்தைந்து வயது, நல்ல உயரம். ஒரே ராத்திரியில் ஒரு சாண் குறைந்தது போல இருந்தான்.

“முந்தாநாள் அவரோட சண்டை போட்டியாமே?” என்றார் மாமி.

“சண்டை இல்ல மேடம். தினமும் ரெண்டு தடவை மணலைத் திருப்புவார். வெளியில வாங்க அண்ணாச்சின்னா, என்னைப் பாத்துச் சிரிப்பார். அன்னைக்கு தேஷ்யம் தலைக்கேறி, உள்ள கிடந்து செத்தா நான் வரமாட்டேன்னு சொல்லிப் போனேன். நாலு மெம்பர் கேட்டாங்க.”

“நேத்து?”

“ஏழு இருபத்தஞ்சுக்குக் கதவைத் தட்டினேன். வரேன்டேன்னு சத்தம் வந்துது. டவல் வண்டி வந்திருக்குன்னு முன்னால போனேன். திரும்பி வந்து கண்ணாடி வழியா பாத்தா பெஞ்சு காலி. போயிட்டார்னு நினைச்சேன். ஆனா செருப்பு ரெண்டும் வாசல்ல கிடக்கு. கதவைப் பிடிச்சு இழுத்தேன். வரல்ல.”

“பூட்டு இருக்கா அதுல?”

“ஒரு கொளுத்துகூட இல்ல மேடம். உள்ளேயிருந்து தள்ளினா வெளியே திறக்கும், அவ்வளவுதான். காலை சுவர்ல ஊணி இழுத்தப்போ பொத்துன்னு வந்துது. அண்ணாச்சி வாசல்ல தலை வெச்சுக் கிடந்தார்.”

மாமி தலையை ஆட்டினார். “சூடுல உட்கார்றது அப்படி என்ன சுகம்? எனக்கு நம்ம ஊர் சித்திரை மாசமே போறும்.”

“ஸ்ரீகுமாரண்ணனைக் கேளுங்க,” என்றான் விஜின். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தான்.

மாமி என் பக்கம் திரும்பினார். மறைக்க வழி இல்லை. சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் கிளப்பில் ஆள் இருக்காது. விஜின் என்னைப் பின்வாசல் வழியாக உள்ளே விடுவான். ஆரியசாலை டீக்கடையில் நான் வலது கையால் டம்ளரைத் தூக்க முடியாமல் இடது கையால் தூக்கியதை ஒரு நாள் பார்த்துவிட்டு, அவனாகக் கூப்பிட்டது. காசு கேட்டதில்லை. முதல் நாள் பத்து நிமிஷம். உடம்பில் எங்கெங்கோ கட்டியிருந்த முடிச்செல்லாம் ஒவ்வொன்றாக அவிழ்வது போல வேர்வை இறங்கியது. வெளியே வந்து ஒரு செம்பு பச்சைத் தண்ணீரைத் தலையில் ஊற்றினான். இரண்டு டம்ளர் தண்ணீர் குடிக்க வைத்தான். அன்று ராத்திரி வலது பக்கம் திரும்பிப் படுத்தேன். அந்தப் பக்கம் படுத்து எத்தனை வருஷம் ஆகிறது என்று எண்ணிப் பார்த்து, எண்ணி முடிக்கும் முன் தூங்கிப்போனேன். பதினொரு செவ்வாய்க்கிழமை அப்படிப் போனது.

“நேக்குச் சொல்லவே இல்லையே நீங்க,” என்றார் மாமி.

“கிளப்புக்குத் தெரிஞ்சா இவன் வேலை போயிரும் மாமி.”

“சரி. அதுக்கு மட்டும்தானே?”

“அதுக்கு மட்டும்தான்.”

விஜின் என்னை நன்றியோடு பார்த்தான். அந்தப் பார்வையை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

மாமி அண்ணாச்சியின் லாக்கரைத் திறக்கச் சொன்னார். உள்ளே ஒரு சீப்பு, திருநீற்றுப் பொட்டலம், நாலு தண்ணீர் பாட்டில்கள். சானாவுக்குப் போகும் ஒவ்வொருவருக்கும் கிளப் ஒரு பாட்டில் கொடுக்கும். நாலிலும் மூடி உடைக்கவில்லை.

“நாலு நாள், நாலு பாட்டில். ஒரு வாய்கூடக் குடிக்கலே,” என்றார் மாமி. லாக்கருக்கு எதிரே எடை பார்க்கும் இயந்திரம் இருந்தது. அதையும் பாட்டிலையும் மாறி மாறிப் பார்த்தார். “விஜின், அவர் எடை பார்ப்பாரோ?”

“போகும்போது ஒண்ணு, வரும்போது ஒண்ணு. குறைஞ்சிருந்தா அன்னைக்கு எனக்கு குட்மார்னிங் உண்டு.”

“வண்டியை எடுங்கோ ஸ்ரீகுமார். ஆஸ்பத்திரிக்குப் போகணும்.” கிளம்பும் முன் மாமி ஏதோ மறந்தவர் போல மறுபடி சானா அறைக்குள் போய் வந்தார்.

*

ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டர் ஆர்யா வராந்தாவிலேயே பேசினாள்.

“சூட்டை குற்றம் சொல்லாதீங்க மேடம். சூட்டுல ரத்தக் குழாய் விரியும், பிரஷர் கொஞ்சம் இறங்கும், தசை இளகும். நல்ல உறக்கம் வரும். பலருக்கு நல்லதுதான். ஆனா இவர் பிரஷர் மாத்திரை சாப்பிடுறவர். நாலு நாளா சரியா தண்ணி குடிக்கல்ல. மாத்திரையும் இறக்குது, சூடும் இறக்குது, உடம்புல தண்ணியும் இல்ல. எழுந்து நிக்கும்போது ஆள் விழாம என்ன செய்யும்? இன்னும் பத்து நிமிஷம் தாண்டியிருந்தா நான் வேற விதமா பேசியிருப்பேன்.”

பத்து நிமிஷம். அந்தச் சொல்லை அறை வாசல் வரை சுமந்துகொண்டு போனேன். நூறு கிலோ மூட்டை அதைவிட லேசு.

அண்ணாச்சி கையில் டிரிப் ஏறிக்கொண்டிருக்கக் கட்டிலில் சாய்ந்திருந்தார். மாமியைப் பார்த்து வணங்கினார். என்னைப் பார்த்ததும் பார்வை ஜன்னலுக்குப் போனது.

“எவ்வளவு குறைஞ்சுது?” என்றார் மாமி, உட்காரும் முன்பே.

அண்ணாச்சியின் முகத்தில் வெளிச்சம் வந்தது. “நாலு நாள்ல மூணேகால் கிலோ. எனக்கு முட்டி ஆபரேஷன் மாமி. பத்து கிலோ குறைச்சாத்தான் கத்தி வைப்பேன்னு சொல்லிட்டாரு டாக்டரு. படி ஏற முடியல. கோயில்ல பிரகாரம் சுத்த முடியல.”

“தண்ணி ஏன் குடிக்கலே?”

“குடிச்சா ஏறிருமே. சரக்குல ஈரம் கள்ள எடையாக்கும். பச்சை மிளகு நூறு கிலோ காய்ஞ்சா முப்பத்திமூணு நிக்கும். அந்த முப்பத்திமூணுதான் சரக்கு. மிச்சம் வெறும் தண்ணி. அப்பிடித்தானே உடம்பும்?”

“உடம்பு மிளகில்லே, அண்ணாச்சி.”

“இப்போ தெரியுது.”

“கதவை யார் பிடிச்சிருந்தா?”

வெளிச்சம் அணைந்தது. “யாரோ. நான் பாக்கல. தள்ளினேன், திறக்கல.”

“விஜினா?”

“பேரு நான் சொல்லல. வெளியே வேற யாரு இருந்தா?”

“கால் பக்கம் காத்து வந்துதோ, உள்ளே இருக்கறச்சே?”

அண்ணாச்சி மறுபடி ஜன்னலுக்குத் திரும்பினார். ஜன்னலுக்கு வெளியே ஒன்றும் இல்லை, பக்கத்துக் கட்டிடத்தின் தண்ணீர்த் தொட்டி மட்டும். அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் அதையே பார்த்தேன். ஒரு தொட்டியை இரண்டு பேர் அவ்வளவு நேரம் பார்த்திருக்க மாட்டார்கள்.

மாமி எழுந்தார். “உடம்பைப் பார்த்துக்கோங்கோ.”

*

கீழே வண்டி நிறுத்துமிடத்தில் மாமி ஹெல்மெட்டை வாங்கவில்லை. மணி நாலேகால்.

“ஸ்ரீகுமார், ஒண்ணு கேக்கறேன். போன வருஷம் உங்களுக்கு டெங்கு வந்து படுத்திருந்தேளே, ஞாபகம் இருக்கா? பிளேட்லெட் இருபதாயிரத்துக்கு இறங்கித்து. அப்போகூட நர்ஸைப் பார்த்து, ‘டிரிப் ஸ்டாண்டை இங்கேயே விட்டுட்டுப் போங்க, துணி காயப் போடலாம்’னேள்.”

“ஆமா.”

“இன்னைக்கு ஒண்ணரை மணிக்கு மாங்கா ஜோக். அதுக்கப்புறம் கிட்டத்தட்ட மூணு மணி நேரம் ஆச்சு. லாக்கரைப் பார்த்தேள், எடை மெஷினைப் பார்த்தேள், மிளகுக் கதையைக் கேட்டேள். ஒண்ணுமில்லே. இந்தக் கேஸ்ல நேக்குக் கிடைச்ச முதல் துப்பு அதுதான்.”

கைப்பையைத் திறந்து அந்தத் தோர்த்தை எடுத்து வண்டி சீட்டில் விரித்தார்.

“நீங்க உதறினேள். ஆனா முறுக்கு போகலே, பாருங்கோ. கயிறு மாதிரித் திரிச்சிருக்கா. ஒரு பக்கம் பூரா தட்டையா, மரத்தோட காவி நிறம் ஏறியிருக்கு. கதவுக்கு அடியில ரெண்டு விரல் இடைவெளி விட்டிருக்கா. காத்து வரணும்னு. அந்த இடைவெளியில அண்ணாச்சியே உள்ளேருந்து இதை வெச்சு, கரண்டியைத் தலைகீழாப் பிடிச்சு அடிச்சு ஏத்தியிருக்கார். உலர்ந்த துணியா இருக்கறச்சே அடிச்சது. வேர்வையும் தண்ணியும் இறங்கி அது ஊறித்து, கதவைக் கவ்விண்டுது. மயக்கம் வந்த மனுஷனால தள்ள முடியலே. வெளியே யாருமே பிடிக்கலே.”

நான் வண்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டேன்.

“நேக்குத் தெரியாதது ஒண்ணே ஒண்ணுதான். மிளகு வியாபாரிக்குக் கல்லாவுல உட்காரத் தெரியும், தராசு பார்க்கத் தெரியும். இப்படித் துணியை முறுக்கி அடிக்கறது முதலாளி பண்ற வேலை இல்லே. அது கைவேலை. யாரோ சொல்லிக் கொடுத்திருக்கா.”

“நான்தான் மாமி.”

சொல்ல ஆரம்பித்த பிறகு நிற்கவில்லை. அண்ணாச்சி குடோனின் பின்னால் ஒரு உலர்த்தும் அறை உண்டு. மழைக்காலத்தில் சுக்கும் ஜாதிக்காயும் அதில்தான் காயும். மூட்டை இல்லாத நேரம் அந்த அறை என் பொறுப்பு. கதவடியில் சூடு ஒழுகாமல் சாக்கை முறுக்கி, கட்டையால் அடித்து ஏற்றுவேன். அதில் எனக்கு ஆரியசாலையில் பேர். இரண்டு மாசம் முன்னால் டீக்கடையில் தோள் சரியான கதையை அண்ணாச்சியிடம் பெருமையாகச் சொன்னதும் நான்தான். அதைக் கேட்டுத்தான் அவர் கிளப்பில் சேர்ந்தார். போன வாரம் அதே டீக்கடையில், “சூடெல்லாம் கதவடியில ஒழுகுதுடே, அரைக் கிலோதான் குறையுது” என்று சலித்துக்கொண்டார். நான் சொன்னேன்: “நம்ம ரூமுக்கு அடிக்கிற மாதிரி தோர்த்தை முறுக்கி அடிச்சு விடுங்க அண்ணாச்சி, ஒரே வாரத்துல சுக்கா வந்துருவிய.”

கடை முழுக்கச் சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. நான் அதைக் கவனித்தேன். கவனித்துவிட்டு இன்னொரு டீ சொன்னேன்.

“துண்டைப் பாத்ததும் புரிஞ்சுபோச்சு மாமி. எடுத்து உதறிட்டேன். பயம்.”

மாமி திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “நூலையும் கரண்டியையும் வெச்சு நான் ஆர்ஷாகிட்ட ஒரு கதை சொல்லலாம்,” என்றார் மெதுவாக. “அவ நம்பணும்னு இல்லே. அந்தத் துண்டு கிடந்த இடத்துல, கிடந்த மாதிரி இருந்திருந்தா ஒரே ஒரு போட்டோ போறும், விஜின் தப்பிச்சிருப்பான். அதை அழிச்சது நீங்க. இனிமே அவனைக் காப்பாத்த ரெண்டு வாய்தான் இருக்கு. ஒண்ணு மேலே படுத்திண்டிருக்கு, இன்னொண்ணு என் எதிர்ல நிக்கறது.”

மணி நாலு இருபத்தைந்து. நான் படியேறினேன்.

*

“என்னடே, திரும்பி வந்துட்ட?” என்றார் அண்ணாச்சி. இப்போது என்னைப் பார்த்தார்.

“தோர்த்து மாமி கையில இருக்கு அண்ணாச்சி.”

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

“ஒரு குடும்பம் போகுது,” என்றேன். “அந்தப் பயலுக்கு தோஹா போகணும். கதவை ஆரும் பிடிக்கலன்னு உங்களுக்குத் தெரியும்.”

“விழுறப்போ தெரியாதுடே. சத்தியமா ஆரோ பிடிச்ச மாதிரிதான் இருந்துது. நேத்து ராத்திரி படுத்துக்கிட்டு யோசிச்சப்போ தெரிஞ்சுது. அதுக்குள்ள சொல்லியாச்சு. இனி மாத்திச் சொன்னா ஆரியசாலை பூரா சிரிக்கும். பகவதிப்பெருமாள் தன்னைத்தானே காயப் போட்டுக்கிட்டான்னு. கடையில எப்பிடி உட்காருவேன்?”

“என் பேரைச் சொல்லுங்க. நான் சொல்லிக் கொடுத்ததாச் சொல்லுங்க. சிரிக்கட்டும், என்னைப் பாத்துச் சிரிக்கட்டும். நான் அதைத் தமாசுக்குத்தான் சொன்னேன் அண்ணாச்சி. நீங்க செய்வியன்னு...”

அண்ணாச்சி என்னை வெறித்துப் பார்த்தார். கோபம் இல்லை. ஆச்சரியம்.

“தமாசா?” என்றார். “ஸ்ரீகுமாரே, அந்த ரூம்ல நீ சொன்னபடிதான்டே எல்லாம் காய்ஞ்சுது. நீ அடின்னா அடிப்பாங்க, எடுன்னா எடுப்பாங்க. நீ இருந்த வரைக்கும் ஒரு மூட்டை பூஞ்சை பிடிச்சதில்ல. வேற எதுல வேணா நீ தமாசு பேசுவ. காயப் போடுற விஷயத்துல நீ சொன்னதை நான் எப்பிடித் தமாசுன்னு எடுப்பேன்?”

இருபத்தாறு வருஷத்தில் அவர் என் வேலையைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. அன்றுதான் சொன்னார். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவரே போனைக் கேட்டு வாங்கினார். ஆர்ஷாவின் குரல் வெளியே கேட்கும்படி வைத்தார்.

“மோளே, பகவதிப்பெருமாள். கதவை ஆரும் பிடிக்கல. சூடு போகாம இருக்க நானாக்கும் தோர்த்தை அடிச்சு அடைச்சது. விஜின் இழுத்துத் திறக்கலன்னா நான் இப்போ உன்கிட்ட பேசமாட்டேன். அவன் பேரை எங்கேயும் எழுதாதே.”

“அண்ணாச்சி, இப்படிச் செய்ய ஆரு சொன்னா?” என்றாள் ஆர்ஷா.

அவர் போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தார். “நானா...” என்று ஆரம்பித்தார்.

“நான் சொன்னேன் மேடம்,” என்றேன். “மாமியோட வந்தேனே, ஸ்ரீகுமார். துண்டைத் தரையிலிருந்து எடுத்து உதறி மாட்டினதும் நான்தான். மறைக்கத்தான் மாட்டினேன்.”

*

கிளப்புக்குத் திரும்பியபோது ஐந்து பத்து. ஆர்ஷா எழுதி வைத்திருந்த புகாரை நாலாக மடித்து டிராயரில் போட்டுவிட்டிருந்தாள். மாமி அவளிடம் பேச உட்கார்ந்தார். நான் பின்னால் போனேன்.

விஜின் சானா அறைத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தான். நடந்ததை ஆர்ஷா அவனிடம் சொல்லியிருந்தாள். அண்ணாச்சி ஒத்துக்கொண்டதை மட்டும் சொல்லியிருந்தாள்.

“அண்ணே,” என்று எழுந்து என் இரண்டு கையையும் பிடித்தான். “அண்ணனும் மாமியும் இல்லேன்னா நான் தீர்ந்தேன்.”

கையை விடுவித்துக்கொண்டு மிச்சத்தையும் சொன்னேன். டீக்கடையை, தோர்த்தை, உதறியதை. மத்தியானம் அவன் எதிரே நின்றுகொண்டே வாயைத் திறக்காமல் இருந்ததை.

துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்தான்.

“தமாசு சொன்னதுக்கு எனக்கு ஒண்ணும் இல்லண்ணே,” என்றான். “எல்லாரும் சொல்றதுதானே. ஆனா இங்க வந்து, துண்டைப் பாத்து, எனக்கு வேண்டி வந்த ஆளு...” முடிக்கவில்லை. லாக்கரிலிருந்து எடுத்து வைத்திருந்த நாலு பாட்டிலில் ஒன்றின் மூடியைத் திருகி என்னிடம் நீட்டினான். “குடிங்க. முகம் ஒரு மாதிரி இருக்கு.”

குடித்தேன்.

“இனி செவ்வாய்க்கிழமை வரண்டாம், கேட்டோ.”

“சரி மக்கா.”

வெளியே வரும்போது சுவரில் அந்த அறிவிப்புப் பலகை. மலையாளத்தில் பத்து வரி. எனக்கு எழுத்து நாற்பது வயதில் வந்தது. நாலு வரிக்கு மேல் கண் களைத்துவிடும். பதினொரு செவ்வாய்க்கிழமை இதன் அடியில்தான் செருப்பைக் கழற்றினேன். பதினைந்து நிமிஷம், இரண்டு டம்ளர் தண்ணீர், வெறும் வயிற்றோடு வேண்டாம், பிரஷர் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்கவும். அதுவரை படித்திருக்கிறேன். அன்று விரலை வைத்துக் கடைசி வரை கூட்டிக் கூட்டிப் படித்தேன். ஒன்பதாவது வரி: கதவின் அடியில் காற்று வரும் இடைவெளியை எக்காரணம் கொண்டும் அடைக்கக் கூடாது.

வாசலில் மாமி ஹெல்மெட் மாட்டிக்கொண்டு காத்திருந்தார். பின்னால் ஏறி உட்கார்ந்தார். வண்டியைத் திருப்பும்போது வலது தோளில் அந்தப் பழைய வலி, எங்கேயும் போகாமல் வெளியே நின்றிருந்தவன் போல, வந்து ஏறிக்கொண்டது.

தம்பானூர் சிக்னலில் சிவப்பு. எங்களுக்கு முன்னால் ஒரு ஆட்டோவின் பின்புறம் மூன்று ஆடுகள் தலையை நீட்டி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன. சாதாரண நாளாக இருந்தால் அதற்கு என்னிடம் நாலு ஜோக் உண்டு.

மாமி காத்திருந்தார். பச்சை விழுந்தது.

“ஒண்ணுமில்லையா?” என்றார்.

“இல்ல மாமி.”

“நாளைக்கு வரும்,” என்றார் மாமி.

“வந்தாலும், ஆரு கேக்கிறான்னு பாத்துட்டுச் சொல்லுகேன்,” என்றேன்.